பிறவுணி, ஐயாட்டச் சொல்லு

எங்கள் எதிர்வீட்டு அன்ரி உலகத்தில் ஒரேயொருவரைத் தவிர மற்ற எல்லாரோடும் கதைப்பார். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், நாங்கள் இருந்த தொடர்மாடியின் மூன்றாம் மாடியைக் கடந்து போகிறவர் யாரும் அவருடைய வாயில் அகப்படாமல் தப்பியதில்லை. மீன்காரனோடு சிங்களத்தில் விலை பேசி, அப்படியே அவன் மாமியாரின் சுகமும் விசாரிப்பார். கீழே காவலுக்கு நிற்பவருக்கு எந்தச் சாப்பாடு ஒத்துவராது என்று அவருக்குத் தெரியும். பல்கனிக் கம்பியில் வந்து குந்தும் காகத்திடம்கூட, "நேற்று வந்து கத்தினது உன்ர தமையனே?" என்று கேட்பார். கதைக்காத அந்த ஒரேயொருவர் அவருடைய புருஷன்.

மகளின் கலியாணத்தன்று நின்ற கதை. அந்த மகளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது.

கதை இல்லையென்றால் வீட்டில் சத்தம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நான் வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்கிறவள். காற்றுக்காக இரண்டு வீட்டுக் கதவும் திறந்தே கிடக்கும். அந்த வீட்டுச் சத்தத்தில் என் அலுவலகக் கூட்டங்கள் பாதி எனக்குக் கேட்டதில்லை, அதனால் எனக்கு நட்டமும் வந்ததில்லை. கதையெல்லாம் நாய் வழியாகத்தான் நடக்கும். நாயின் பெயர் பிறவுணி. பிறவுண் என்றால் மண்ணிறம், ஆனால் இது வெள்ளை நாய். நாய் வருவதற்கு முன்னமே மகள் பெயரை முடிவு செய்துவிட்டாளாம். வந்தது வெள்ளையாய் இருந்தால் அதற்கு அவள் என்ன செய்வாள்?

"பிறவுணி, உன்ர ஐயாட்டச் சொல்லு, சோறு ஆறுது எண்டு."

"பிறவுணி, உன்ர அம்மாட்டக் கேள், என்ர கண்ணாடியை எங்க வைச்சவ எண்டு."

"பிறவுணி, கண்ணாடி அவற்ற தலையிலதான் கிடக்கு எண்டு சொல்லு."

பிறவுணி இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாலை ஒருதரம் ஆட்டும். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று பேரும் இருப்பது ஒரே அறைக்குள், கை எட்டுகிற தூரத்தில்.

முதன்முதல் நான் இதைப் பார்த்தபோது அன்ரிக்கு ஏதோ சுகமில்லை என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அந்த வீட்டில் எல்லாரும் நல்ல சுகம், நாய் ஒன்றுக்குத்தான் ஓயாத வேலை. அங்கிளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. மூன்று நேரமும் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் டொக்டர் தந்த குளிசையை எடுத்து வைத்துவிட்டு, அன்ரி குனிந்து நாயின் காதுக்குள், "குளிசையைப் போட்டிட்டுச் சாப்பிடச் சொல்லு" என்பார். குனிவது ஒரு பாவனைதான். சத்தம் பெருந்தெருவான காலி வீதி வரைக்கும் கேட்கும். அங்கிள் குளிசையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, "போட்டாச்சு எண்டு சொல்லு" என்று நாய்க்குத் தெரிவிப்பார். அவர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராய் இருந்து ஓய்வுபெற்றவர். எதுவும் உரிய வழியாகத்தான் வரவேண்டும் அவருக்கு.

"ஏன் அன்ரி, நேரா ஒரு சொல்லுச் சொன்னா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் ஏன் பிள்ளை அந்தாளோட கதைக்கோணும்? எனக்குக் கதைக்க ஆளில்லாமலே கிடக்கு?" என்றார். கேட்டுக்கொண்டே அங்கிளின் சேட்டுக் கொலரை ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தார். வீட்டிலிருக்கிற மனிசனுக்கு என்னத்துக்கு மினுக்கின சேட்டு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் புத்தி உண்டு.

இப்படியே போயிருக்கும். ரொறன்ரோவில் இருக்கிற மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. விடுமுறைக்கு வந்து நின்றபோது, தாயும் தகப்பனும் நாயின் தலைக்கு மேலால் கதைப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். திரும்பிப் போனதும் ஒரு திட்டம் வந்தது. அங்கே ஒக்ரோபர் மாதம் இலையுதிர் காலமாம். குளிர் தொடங்க, சனமெல்லாம் வீட்டுக்குள் ஒன்றாயிருந்து பின்னுமாம், படம் பொருத்துமாம், நாயோடும் பூனையோடும் விளையாடுமாம். அப்படியே அம்மாவும் அப்பாவும் ஒரு மாதம் சேர்ந்து பொழுதுபோக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் இரண்டு பேரும் சேர்ந்திருக்கிற படம் ஒன்று அனுப்ப வேண்டும். இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதையும் தொலைபேசியில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள். அம்மாவைத் தன்னிடம் கூப்பிடுவாள், அப்பாவை யாழ்ப்பாணத்தில் சித்தப்பா வீட்டில் விடுவாள், பிளாட்டை விற்பாள். "கதைக்காத ஆக்களுக்கு ஒரு வீடு என்னத்துக்கு?"

அன்று பின்னேரம் அந்த வீட்டில் நாய்க்குக்கூட வேலை இருக்கவில்லை. அன்ரி குசினிக்குள் ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினார். அங்கிள் பல்கனியில் நின்று, தெரியாத கடலைப் பார்த்தார். எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் புதுத் தொடர்மாடி எழும்பிக் கனகாலம்.

கனடாவிலிருந்து பார்சல் வந்தது. செம்மஞ்சள் மரங்கள் நிறைந்த காட்டுப்படம் ஒன்று துண்டு துண்டாய்ப் பெட்டிக்குள். கூடவே கம்பளி நூல், பின்னுகிற ஊசி, நாய்க்குச் சட்டை பின்னும் விதம். இங்கே ஐப்பசியில் அடைமழை. மழை விட்டால் வேர்த்துக் கொட்டுகிற அவிச்சல். உதிர்வதென்றால் மேல்வீட்டுக் குளியலறைச் சீமெந்து மட்டும்தான் உதிரும், அதுவும் எங்கள் தலையில். ஆனாலும் வெள்ளவத்தை மூன்றாம் மாடியில் இலையுதிர் காலம் தொடங்கியது.

படம் எடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல்நாள் இரண்டு பேரையும் செற்றி என்கிற சோபாவுக்குப் பின்னால் நிற்க வைத்தேன். ஒருவர் வடக்கு, மற்றவர் தெற்கு. சட்டத்துக்குள் அடங்கவில்லை.

"அன்ரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்றேன்.

அங்கிள் தரையைப் பார்த்தார். அன்ரி என்னைப் பார்க்கவில்லை, நாயைக் கூப்பிட்டார்.

"பிறவுணி, இந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நீ சொல்லு. உன்ர அக்காவின்ர கலியாணத்தில, சம்பந்தி வீட்டாக்கள் முழுப்பேரும் நிக்கேக்க, படம் எடுத்தவன் என்னைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொன்னவன். உன்ர ஐயா என்ன சொன்னவர்? 'அவ தள்ளினா ஹோல் சுவர் இடிஞ்சு விழும்' எண்டவர். எல்லாரும் சிரிச்சவை. சம்பந்தியம்மா சீலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சவ."

அன்ரி கொஞ்சம் உடம்பான ஆள். அங்கிள் ஈர்க்கில் மாதிரி ஒல்லி.

"பிறவுணி, அது பகிடிக்குச் சொன்னது எண்டு சொல்லு" என்றார் அங்கிள்.

"பிறவுணி, பகிடியெண்டா நான் ஏன் சிரிக்கேல்லை எண்டு கேள்."

பிறவுணி வாலை ஆட்டியது. எந்தப் பக்கத்துக்கு ஆட்டியது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டால் முடிந்துவிடுகிற விஷயம். ஆனால் மன்னிப்புக் கேட்பதற்கு அங்கிள் வாய் திறக்க வேண்டும், முதலில் வாய் திறந்தவர் தோற்றவர் என்று இரண்டு பேரும் எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள். அன்றைக்கு நான் இரண்டு பேரையும் செற்றியின் இரண்டு ஓரத்திலும் இருத்தி, நடுவில் பிறவுணியை ஏற்றி வைத்துப் படம் எடுத்தேன். பிறகும் அந்த ஒழுங்குதான். மகள் இருதயப் படங்களாக அனுப்பினாள்.

பொழுதுபோக்குகளின் அழகைச் சொல்ல வேண்டும். காட்டுப்படம் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்தது. வானம் அங்கிளுக்கு, மரங்கள் அன்ரிக்கு. நடுவில் ஓர் எல்லை, யாரும் கீறாதது, ஆனால் இரண்டு பேருக்கும் தெரிந்தது. மத்தியானம் அங்கிள் கண்ணயர்ந்த நேரம் அன்ரி மெல்ல வந்து வானத்தில் ஒரு துண்டைக் கழற்றி வேறு இடத்தில் செருகுவதை என் கண்ணால் கண்டேன். பின்னேரம் நாய்க்கு முறைப்பாடு போனது.

"பிறவுணி, என்ர பக்கத்தில கை வைக்க வேண்டாம் எண்டு சொல்லு."

"பிறவுணி, மேகத்தைத் தலைகீழா வைச்சிருந்தா ஆர் பாத்துக்கொண்டிருக்கிறது?"

அங்கிளின் சொந்தப் பொழுதுபோக்கு மீன் தொட்டி. தங்கமீன்கள். காலையில் அங்கிள் தீன் போடுவார். அவர் பேப்பர் வாங்கக் கீழே போனதும் அன்ரி தீன் போடுவார். அவர் போட்டாரா என்று கேட்க வேண்டுமே, கேட்கிற நேரத்தில் நாய் கீழே உலாவப் போயிருக்கும், அங்கிளோடு. அந்த மீன்கள் இரண்டு காலைச் சாப்பாடு, இரண்டு இராச் சாப்பாடு என்று சம்பந்தி வீட்டு விருந்தாளிகளைப் போல வாழ்ந்து, வயிறு ஊதி, ஒவ்வொன்றாய் மல்லாந்தன. "மீனுக்குக் கண்ணூறு பட்டுட்டுது" என்று அன்ரி என்னிடம் சொன்னார். உண்மையை நான் சொன்னேன். "அப்ப அந்தாள் ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

நாய்ச் சட்டையும் முடிந்தது. சிவப்புக் கம்பளி, கழுத்துப் பட்டியோடு. "அங்க எல்லா நாயும் போடுதாம்" என்று அன்ரி சொன்னார். வெள்ளவத்தை அவிச்சலில் அந்தக் கிழட்டு நாய் கம்பளிச் சட்டையோடு மின்விசிறிக்குக் கீழே நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. "பிறவுணி, கழட்டிவிடச் சொல்லிக் கேள், பாவம்" என்று அங்கிள் சொன்னார். அந்த ஒரு செய்தியை மட்டும் நாய் முழுமனதோடு கொண்டுபோயிருக்கும். படம் எடுத்த கையோடு அன்ரி கழற்றிவிட்டார். நான் நினைத்ததைவிட மென்மையாகத்தான் கழற்றினார்.

சட்டைக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறவுணிக்கு வயது போய்விட்டது. மாத நடுவில் ஒரு மத்தியானம், மழை இருட்டிக்கொண்டு வர, சாப்பாட்டு மேசைக்குக் கீழே படுத்தது, எழும்பவில்லை. அன்ரி, "பிறவுணி, ஐயாட்டச் சொல்லு..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றார். மேசைக்கு அந்தப் பக்கம் அங்கிள் கையில் ஒரு துண்டு வானத்தை வைத்துக்கொண்டு, மிச்சச் செய்தி வரட்டும் என்று காத்திருந்தார். வரவில்லை. பிறகுதான் குனிந்து பார்த்தார்.

தொடர்மாடியில் நாயை எங்கே புதைப்பது? அங்கிளின் பழைய கந்தோர் நண்பருக்குக் கல்கிசையில் வளவோடு வீடு. சீலையால் சுற்றி ஓட்டோவில் கொண்டுபோனோம். நடுவில் என்னை இருத்தினார்கள், மடியில் நாய். ஓட்டோக்காரத் தம்பி கண்ணாடியால் பார்த்துவிட்டு, "அனே பவ்" என்று சிங்களத்தில் இரங்கிப் பாட்டை நிறுத்தினான்.

நண்பர் மாமரத்தடியில் கிடங்கு வெட்டி வைத்திருந்தார். அங்கிள் மண்வெட்டியை வாங்கினார். அன்ரி கிடங்குக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பிறவுணி, உன்ர ஐயாட்டச் சொல்லு, மண்ணை மெதுவாப் போடச் சொல்லி. முகத்தில விழப்போகுது."

"பிறவுணி, எனக்குத் தெரியும் எண்டு சொல்லு" என்றார் அங்கிள்.

நான் அழுதுவிட்டேன். நாய்க்காகத்தான் அழுகிறேன் என்று நண்பர் நினைத்து எனக்கு ஒரு தண்ணீர்ப் போத்தல் தந்தார்.

அதன் பிறகு அந்த வீடு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். காகத்தோடுகூட அன்ரி கதைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து என் கதவில் வந்து நின்றார்.

"பிள்ளை, அங்கிளிட்டச் சொல்லு, கறன்ற் பில்லைக் கட்டச் சொல்லி."

சொன்னேன். "கட்டியாச்சு எண்டு அன்ரியிட்டச் சொல்லு பிள்ளை" என்றார் அவர். சொன்னேன். பிறகு முருங்கைக்காய் முத்தலாம், சொன்னேன். முத்தலில்லையாம், அதையும் சொன்னேன். அலுவலகக் கூட்டத்தின் நடுவில் ஒருநாள், குளியலறை வாளி எங்கே என்று கேட்டு ஆள் வந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அன்ரி, நான் என்ன நாயே?"

அன்ரிக்கு முகம் சிவந்துவிட்டது. "நாய் இப்பிடி ஒருநாளும் எதிர்த்துக் கதைச்சதில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அதில் நியாயம் இருந்தது.

பகிடி அதோடு முடிந்தது. குளிசைத் தட்டு முன்போலவே கோப்பைக்குப் பக்கத்தில் வரும். சொல்லத்தான் ஆளில்லை. அங்கிள் தட்டைப் பார்ப்பார், குளிசையைத் தொடமாட்டார், சாப்பிட்டு எழும்பிவிடுவார். அன்ரி தட்டை எடுத்துக் கொண்டுபோய் அடுத்த நேரம் திரும்ப வைப்பார். ஒருநாள் பேப்பர் வாங்கப் போன மனிசன் படியில் தலைசுற்றி இருந்துவிட்டார். நான்தான் கைபிடித்துக் கூட்டிவந்தேன். கதவடியில் அன்ரி நின்றார். "பிள்ளை..." என்று என்னைப் பார்த்தார், பிறகு நான் நாயில்லை என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும், உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு தலையையும் சேர்த்து மோதவேண்டும் போல் இருந்தது. விசர்ச் சனங்கள்! வீடு போகப்போகிறது, மனிசன் போகப்போகிறது, இவர்களுக்கு யார் முதல் என்பதுதான் பிரச்சினை.

மகளுக்கு நாய் செத்ததைச் சொல்லவில்லை. நடுவில் நாய் இல்லாத படங்கள் போகத் தொடங்கின. பிறவுணி எங்கே என்றால் நித்திரை என்று பதில் போட்டேன். ஒரு நாய் எவ்வளவு நித்திரை கொள்ளும்? மாதக் கடைசி ஞாயிறு, அறிவிக்காமல் வீடியோ கோல் வந்தது. அன்ரி செற்றியில் தன் ஓரத்தில் இருந்தார். தொலைபேசியை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, அந்தப் படங்களில உங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவில ஏன் இவ்வளவு இடம்? ஒரு ஆள் படுக்கலாம் போல கிடக்கு."

"அவிச்சல் பிள்ளை" என்றார் அன்ரி.

"அப்பா எங்க?"

"பல்கனியில. மழைக்குப் பூச்சாடியளை உள்ளுக்கு எடுக்கிறார்."

"கூப்பிடுங்கோ."

அன்ரி என்னைப் பார்த்தார்.

"அவ வேண்டாம் அம்மா. நீங்கள் கூப்பிடுங்கோ. என்ர காதால கேக்கவேணும். இல்லையெண்டா நாளைக்கே உங்களுக்கு ஸ்பொன்சர் அலுவலைத் தொடங்குவன், அப்பா சித்தப்பாவோட இருக்கட்டும். சும்மா சொல்லேல்லை."

அன்ரி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. புருஷனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பழக்கம் அவருக்கு ஆயுளில் கிடையாது. முன்னொரு காலத்தில் "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டிருப்பார், அது தொண்டைக்குள்ளேயே துருப்பிடித்துவிட்டது. கண் நிரம்பியது. திரும்பவும் வாயைத் திறந்தார். மூன்று மாடிக்கும் கேட்கிற அந்தப் பழைய சத்தத்தில், தன்னையறியாமல் கூப்பிட்டார்:

"பிறவுணி!"

கூப்பிட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

பல்கனிக் கதவு திறந்தது.

"ஓம், வாறன்" என்றார் அங்கிள்.

மழையில் நனைந்த தலையோடு, கையில் ஒரு பூச்சாடியோடு வந்து அறை நடுவில் நின்றார். நின்ற பிறகுதான் எந்தப் பெயருக்கு வந்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. அன்ரியைப் பார்த்தார். அன்ரியும் பார்த்தார். எவ்வளவோ வருடத்துக்குப் பிறகு, நடுவில் வாலாட்ட யாருமில்லாமல்.

"பிறவுணியைக் கூப்பிட்டா ஏன் அப்பா வாறார்?" என்று ரொறன்ரோவிலிருந்து கேட்டது. "பிறவுணி எங்க? ஒருத்தராவது உண்மையைச் சொல்லுங்கோ!"

அங்கிள் பூச்சாடியை மெதுவாகத் தரையில் வைத்தார். "அது போயிட்டுது பிள்ளை. கல்கிசையில தாட்டனாங்கள்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப என்னைத்தான் கூப்பிடுறா" என்றார்.

தொலைபேசிக்குள் மகள் அழத் தொடங்கினாள். அங்கிள் எங்கே நிற்பது, எங்கே இருப்பது என்று தெரியாமல் ஈரக் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். அப்போது, யாரும் கேட்காமல், படம் எடுக்கிறவர் ஒருவரும் சொல்லாமல், அன்ரி செற்றியில் நடுப்பக்கமாய்த் தள்ளியிருந்தார். நடுவிலிருந்த பிறவுணியின் இடம் மூடியது, அங்கிளின் ஓரம் இப்போது அவருக்குப் பக்கத்தில் இருந்தது. சுவர் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அங்கிள் வந்து இருந்தார். அன்ரி அவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"குளிசை போட்டனீங்களே?"

"இல்லை."

"ஏன் இல்லை?"

"ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார் அங்கிள்.